சந்தையில் தொடங்கிய சமாதானம்



வேலை முடிந்து வீடு திரும்பி, கைகால் கழுவி, வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். தாய்மார்கள் சிலர் அடுப்படியில் இருக்கலாம். அங்கிருந்தபடியே காது கொடுத்தால் போதும். இன்றைய பேச்சு வீட்டிலுள்ள எல்லாருக்கும் உரியதுதான். ஆனாலும் தாய்மார்களுக்கும் வாலிபப் பிள்ளைகளுக்கும் சற்றுக் கூடுதலாக உரியது.

சண்டை போடுவது ஆண்களின் காரியம், சமாதானம் பேசுவது பெரியவர்களின் காரியம் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஒரு தகராறில் பெண் வாய் திறந்தால், "உனக்கு ஏன் இந்த வேலை? உள்ளே போ" என்கிறோம். பையன் வாய் திறந்தால், "முளைத்து மூன்று இலை விடவில்லை, நீ பேச வந்துவிட்டாயா?" என்கிறோம். இந்த இரண்டு பேச்சையும் பொய்யாக்கிக் காட்டிய ஓர் ஊர் இருக்கிறது. ஏழை ஊர். பிளவுபட்ட ஊர். அங்கே பெரிய தலைவர்களாலும் துப்பாக்கி ஏந்திய காவலர்களாலும் அடக்க முடியாத சண்டையை, சந்தையில் பால் விற்ற பெண்களும் முப்பது வயதுகூட நிரம்பாத இளைஞர்களும் நிறுத்திக் காட்டினார்கள். அதை எப்படிச் செய்தார்கள் என்பதைத்தான் நாம் இன்று பார்க்கப் போகிறோம்.

ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியில் கென்யா என்ற நாடு இருக்கிறது. தேயிலைக்கும் காப்பிக்கும் பேர்போன நாடு. தோட்டத் தொழிலாளர்கள் அங்கேயும் இலட்சக்கணக்கில் உண்டு. ஆனால் நாம் போக வேண்டியது அந்தப் பசுமையான மலைப் பகுதிக்கு அல்ல. தலைநகர் நைரோபியிலிருந்து வடகிழக்கே, சாலை வழியாக 600 கிலோமீட்டருக்கு மேல் போனால் வஜீர் என்ற ஊர் வரும். கிழக்கே சோமாலியா நாட்டின் எல்லை, வடக்கே எத்தியோப்பியா நாட்டின் எல்லை. வஜீர் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 56,000 சதுர கிலோமீட்டர். நம்முடைய பகாங் மாநிலத்தைப்போல் ஒன்றரை மடங்கு என்று சொல்லலாம். ஆனால் பகாங்கின் மழை அங்கே இல்லை, பகாங்கின் ஆறும் அங்கே இல்லை. முட்புதரும் மணலும் நிறைந்த வறண்ட பூமி. வருஷத்தில் இரண்டு மழைக்காலம் வரவேண்டும். வந்தால் பிழைப்பு, வராவிட்டால் கிணற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் சோமாலி இனத்தவர். இஸ்லாமியர்கள். ஒட்டகம், மாடு, ஆடு வளர்ப்பதே அவர்கள் தொழில். ஒரே இனம், ஒரே மொழி, ஒரே மதம். அப்படியானால் சண்டைக்கு இடம் ஏது என்று கேட்பீர்கள். அவர்களுக்குள் குலங்கள் உண்டு. அஜுரான், டெகோடியா, ஒகாடேன் ஆகிய மூன்றும் பெரிய குலங்கள். இவற்றைத் தவிரச் சிறிய குலங்களும் உண்டு. மேய்ச்சல் நிலம் எந்தக் குலத்துடையது, கிணறு எந்தக் குலத்துடையது என்பதுதான் அங்கே தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கு. மழை பெய்து புல் வளர்ந்தால் வழக்கு உறங்கிவிடும். மழை பொய்த்தால் வழக்கு விழித்துக்கொள்ளும்.

இந்த வறுமைக்கு மேல் வேறொரு சுமையும் அந்த மக்களின் தலையில் இருந்தது. கென்யா 1963-இல் சுதந்திரம் பெற்றது. அப்போது வடகிழக்குப் பகுதியினர் பலர் சோமாலியாவோடு சேரவே விரும்பினார்கள். கிளர்ச்சி மூண்டது. அரசாங்கம் அவசர நிலையைப் பிரகடனம் செய்தது. அந்த நிலை ஏறத்தாழ 30 ஆண்டுகள் நீடித்தது. 1984 பிப்ரவரியில் பாதுகாப்புப் படையினர் டெகோடியா குலத்து ஆண்களைப் பிடித்து, வஜீருக்கு அருகிலுள்ள வகல்லா விமான ஓடுதளத்தில் வெயிலில் அடைத்து வைத்தார்கள். பலர் அங்கேயே உயிரிழந்தார்கள். இறந்தவர்கள் 57 பேர் என்றே அரசாங்கம் நெடுங்காலம் சொல்லி வந்தது. உண்மையை விசாரித்த ஆணையம் 2013-இல் வெளியிட்ட அறிக்கையோ, ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்திருக்கக்கூடும் என்றது. இப்படிப்பட்ட ஊரில், "சண்டை வந்தால் போலீசைக் கூப்பிடு" என்று யாரும் எளிதில் சொல்ல முடியாது என்பதை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, 1990-களின் தொடக்கத்துக்கு வருவோம். மூன்று நெருப்புகள் ஒன்றாகச் சேர்ந்தன. முதலாவது, கடுமையான பஞ்சம். மந்தை மந்தையாக ஆடுமாடுகள் மடிந்தன. நமக்கு மாதச் சம்பளம் எப்படியோ, அவர்களுக்கு மந்தை அப்படி. மந்தை போனால் கையிருப்பு போயிற்று, மகளின் கல்யாணம் போயிற்று, நாளைய சோறும் போயிற்று. இரண்டாவது, 1991 ஜனவரியில் பக்கத்து நாடான சோமாலியாவில் அரசாங்கம் கவிழ்ந்தது. அகதிகள் எல்லையைத் தாண்டி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே துப்பாக்கிகளும் வந்தன. முன்பு கம்பும் கத்தியுமாக நடந்த சண்டை இப்போது இயந்திரத் துப்பாக்கிச் சண்டையாக மாறியது. மூன்றாவது, 1992 டிசம்பரில் நடந்த பல கட்சித் தேர்தல். எந்தக் குலத்துக்காரர் பாராளுமன்றம் போவது என்ற போட்டி, புண்ணில் புளியைக் கரைத்து ஊற்றியதைப்போல ஆயிற்று.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது நம் பழமொழி. வஜீர் இரண்டாக அல்ல, மூன்றாக நான்காகப் பிளந்தது. ஓட்டுக் கேட்டவருக்கு இலாபம். துப்பாக்கி விற்றவருக்கு இலாபம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு என்ன இலாபம்?

சண்டை முதலில் மேய்ச்சல் காட்டில் நடந்தது. பிறகு ஊருக்குள் வந்தது. கடைசியில் சந்தைக்கே வந்துவிட்டது. வஜீர்ச் சந்தையில் பாலும் காய்கறியும் விற்பவர்கள் பெண்கள். காலையில் விற்று, அந்தக் காசில் மாவும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு போனால்தான் அன்று வீட்டில் அடுப்பு எரியும். அந்தப் பெண்களே, "உன் குலத்துக்காரிக்கு நான் விற்க மாட்டேன்", "என் குலத்துக்காரியிடம்தான் நான் வாங்குவேன்" என்று சொல்லத் தொடங்கினார்கள். வேறு குலத்துப் பெண்ணைச் சந்தைக்குள் வரவிடாமல் தடுப்பதும் நடந்தது. 1993-இல் ஒரு நாள் சந்தையிலேயே பெண்களுக்குள் கைகலப்பு மூண்டது.

நேயர்களே, ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். ஆண்கள் சண்டையிட்ட காலத்தில்கூடச் சந்தை திறந்திருந்தது. பெண்கள் சண்டையிடத் தொடங்கியதும் சந்தையே மூடிவிடும் போலாகிவிட்டது. சந்தை மூடினால் எந்தக் குலத்துக் குழந்தைக்கும் பால் இல்லை. வெற்றி பெற்ற குலம், தோற்ற குலம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அந்த ஊரில் டெக்கா இப்ராஹிம் அப்டி என்று ஒரு பெண் இருந்தார். 1964-இல் வஜீரில் பிறந்தவர். ஆசிரியை. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஓர் இரவு துப்பாக்கிச் சத்தம் ஊரையே உலுக்கியபோது, அவர் தம் குழந்தையை அணைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் பதுங்கிக் கிடந்தார். விடிந்ததும் அவருடைய தாயார் ஒரு செய்தியைச் சொன்னார். டெக்கா கைக்குழந்தையாக இருந்தபோது, அந்தப் பழைய கிளர்ச்சிக் காலத்தில், தாமும் அவரை அணைத்துக்கொண்டு இப்படித்தான் கட்டிலுக்கு அடியில் பதுங்கிக் கிடந்ததாகச் சொன்னார். டெக்கா பிற்காலத்தில் தம் பேச்சுகளில் இதை நினைவுகூர்வதுண்டு. தாய் பதுங்கினாள். மகள் பதுங்கினாள். இனிப் பேத்தியும் தன் குழந்தையோடு பதுங்க வேண்டுமா? அவருடைய உள்ளத்தில் எழுந்த கேள்வி அதுதான்.

அந்த நாட்களில் ஒரு கல்யாண வீட்டில் பெண்கள் சிலர் கூடியிருந்தார்கள். பல குலத்தையும் சேர்ந்தவர்கள். கல்யாணத்தில் பேச எத்தனையோ விஷயம் இருக்க, பேச்சு சண்டையைப் பற்றியே போயிற்று. "எத்தனை நாளைக்கு இப்படியே பேசிக்கொண்டிருப்பது? ஏதாவது செய்தால் என்ன?" என்ற எண்ணம் அங்கே பிறந்தது. தொடங்கியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. கையில் பணம் இல்லை. பதவி இல்லை. அலுவலகம் இல்லை.

அவர்கள் முதலில் எங்கே போனார்கள் தெரியுமா? மந்திரியிடம் போகவில்லை. நேராகச் சந்தைக்குப் போனார்கள்.

அது ஏன்? சந்தை அவர்களுடைய இடம். அங்கே நடப்பது அவர்களுக்குத் தெரியும். யார் யாரிடம் கடன்பட்டிருக்கிறாள், யார் வீட்டில் குழந்தைக்கு நோய், யார் எந்தச் சொல்லுக்குக் கோபப்படுவாள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. சந்தைப் பெண்களை உட்கார வைத்துப் பேசினார்கள். எந்தக் குலத்துப் பெண்ணும் எந்தக் குலத்தவரிடமும் வாங்கலாம், விற்கலாம் என்று விதி செய்தார்கள். விதி செய்தால் மட்டும் போதுமா? அதைக் கவனிக்கப் பல குலத்துப் பெண்களைக் கொண்ட ஒரு குழுவை அமைத்தார்கள். யாராவது தன்னை ஏசினால், விற்க மறுத்தால், தடுத்தால், பாதிக்கப்பட்டவள் அந்தக் குழுவிடம் சொல்ல வேண்டும். குழு உடனே இரண்டு பேரையும் அழைத்து விசாரித்து, அன்றைய சச்சரவை அன்றே தீர்த்துவிடும். சின்னப் புண் சீழ்பிடிக்கும் முன்பே மருந்து போட்டார்கள்.

சந்தை அமைதியடைந்தது. பெரிய சமாதானத்தின் முதல் படி இவ்வளவு சிறியதுதான்.

இந்தப் பெண்களுக்கு ஒரு பலம் இருந்தது. அதையும் நாம் கவனிக்க வேண்டும். ஒரு குலத்தில் பிறந்த பெண் மற்றொரு குலத்தில் வாழ்க்கைப்படுவது அங்கே உண்டு. அப்படிப்பட்டவளுக்கு ஒரு பக்கம் தகப்பனும் அண்ணன் தம்பியும். மறு பக்கம் கணவனும் பிள்ளைகளும். சண்டை வந்தால் யார் விழுந்தாலும் அழ வேண்டியவள் அவளே. இதை நாம் அவளுடைய துயரம் என்று சொல்லலாம். ஆனால் இரண்டு வீட்டு வாசலையும் தாண்டும் உரிமை அவளுக்கு மட்டுமே உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆண் எதிர்க் குலத்தின் குடிசைப் பக்கம் போனால் அவன் பகைவன். பெண் போனால் அவள் மகள், அல்லது மருமகள். அந்தப் பெண்கள் தங்கள் துயரத்தையே பாலமாக்கிக்கொண்டார்கள்.

சந்தை அடங்கிவிட்டது, காடு அடங்கவில்லை. காட்டில் துப்பாக்கி பிடித்தவர்களை நிறுத்த வேண்டுமானால் குல முதியவர்களின் வாக்கு வேண்டும். சோமாலியரிடையே முதியவர்களின் சபை கூடி எடுக்கும் முடிவே சட்டம். அந்தச் சபையில் பெண்கள் பேசும் வழக்கம் இல்லை. ஆகவே பெண்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஊரில் படித்து வேலைக்குப் போயிருந்த இளைஞர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்கள். ஆசிரியர்கள், சுகாதார ஊழியர்கள், அரசாங்க வேலையில் இருந்தவர்கள் என்று பல குலத்தையும் சேர்ந்த இளைஞர்கள். பெண்களும் இளைஞர்களுமாகச் சேர்ந்து ஒவ்வொரு குலத்தின் முதியவர்களையும் போய்ப் பார்த்தார்கள். முதியவர்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே தலைவர்களாக வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. முதியவர்களுக்கு உரிய மரியாதையைக் கொடுத்து, அவர்கள் செய்ய வேண்டிய வேலையை அவர்களுக்கே நினைவூட்டினார்கள்.

முதியவர்கள் ஒன்றுகூட இசைந்தார்கள். ஆனால் கூட்டத்தை நடத்துவது யார்? எந்தப் பெரிய குலத்துக்காரர் நடத்தினாலும் மற்றக் குலங்கள் சந்தேகப்படும். சிறிய குலம் ஒன்றைச் சேர்ந்த முதியவர் கூட்டத்தைத் தொடங்கி நடத்த முன்வந்தார். சண்டையில் அவருடைய குலத்துக்குப் பங்கில்லை. ஆனால் சண்டையால் வந்த பசியில் பங்குண்டு. பெரியவர்கள் மோதிக்கொள்ளும்போது இடையில் நசுங்குபவன் சிறியவன் அல்லவா? அவன் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் யாரும் தப்ப முடியாது.

பல கூட்டங்களுக்குப் பிறகு, 1993-இல், குல முதியவர்கள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதற்கு அல் ஃபத்தா பிரகடனம் என்று பெயர். இனிக் குலங்கள் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்வது என்பதற்கான நெறிகளை அது வகுத்தது.

அடுத்தது இளைஞர்களின் வேலை. காட்டில் துப்பாக்கியோடு அலைந்தவர்கள் யார்? அவர்களும் இளைஞர்களே. மந்தை மடிந்துபோன குடும்பத்துப் பையன்கள். படிப்பில்லை, வேலையில்லை. துப்பாக்கி ஒன்றுதான் அவர்களுக்குக் கிடைத்த பிழைப்பு. அடுத்தவன் ஒட்டகத்தை ஓட்டி வந்தால் வீரன் என்ற பெயரும் கிடைத்தது. அவர்களிடம் முதியவர் போய்ப் புத்தி சொன்னால் தலையாட்டிவிட்டு மறுநாள் பழையபடி கிளம்பிவிடுவார்கள். அதே வயதுக்காரன் போய், "நானும் உன்னைப்போல் தம்பியைப் பறிகொடுத்தவன்தான்" என்று உட்கார்ந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். வஜீரில் இளைஞர்களுக்கென்றே ஒரு சமாதானக் குழு அமைந்தது. வாலிபர்களிடம் வாலிபர்களே பேசினார்கள். துப்பாக்கியைக் கீழே வை என்று சொன்னால், வைத்துவிட்டு எதைக் கையில் எடுப்பது என்று அவன் கேட்பான் அல்லவா? ஆகவே தொழில், படிப்பு, பிழைப்பு ஆகியவற்றைப் பற்றியும் பேச வேண்டியதாயிற்று. சமாதானமும் முன்னேற்றமும் ஒரே வண்டியின் இரண்டு மாடுகள் என்பதை அவர்கள் அப்போதே உணர்ந்துவிட்டார்கள்.

இப்படிப் பெண்கள் ஒரு குழு, இளைஞர்கள் ஒரு குழு, முதியவர்கள் ஒரு குழு, மதப் பெரியவர்கள் ஒரு பக்கம் என்று இருந்தவர்கள் எல்லாரும் 1994-இல் ஒன்றாகச் சேர்ந்தார்கள். 1995-இல் அது வஜீர் சமாதான, மேம்பாட்டுக் குழு என்ற பெயரில் மாவட்ட நிர்வாகத்தின் ஓர் அங்கமாகவே ஆயிற்று. மாவட்ட ஆணையர் அதன் தலைவர். வகல்லாவை மறக்காத மக்களும் அரசாங்க அதிகாரிகளும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அப்படி உட்கார்வது சாதாரணக் காரியம் அல்ல. பயம் ஒரு நாளில் போய்விடாது. ஆனால் அதிகாரியிடம் நேருக்கு நேர் பேச ஓர் இடம் கிடைத்தால், பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேள்வியாக மாறும். கேள்விக்குப் பதில் கிடைத்தால் நம்பிக்கை துளிர்க்கும்.

அந்தக் குழு வேலை செய்த விதத்தை ஓர் எடுத்துக்காட்டோடு விளக்குவோம். ஒரு குலத்துப் பையன் மற்றொரு குலத்தாரின் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு போய்விட்டான் என்று வைத்துக்கொள்வோம். பழைய காலமானால், மறுநாள் பத்துப் பேர் துப்பாக்கியோடு கிளம்புவார்கள். அதற்கு மறுநாள் முப்பது பேர். இப்போது செய்தி உடனே குழுவுக்கு வரும். முதியவர்கள், பெண்கள், மதப் பெரியவர்கள், தேவைப்பட்டால் பாதுகாப்பு அதிகாரிகள் அடங்கிய ஒரு குழு வண்டியில் ஏறி அந்த இடத்துக்கே விரையும். "பழி வாங்கப் போகாதீர்கள், நாங்கள் கண்டுபிடித்துத் தருகிறோம்" என்று ஒரு பக்கம் நிறுத்தி வைக்கும். மறு பக்கம் போய், திருடியவனைக் குலத்தாரே ஒப்படைக்கும்படி கேட்கும். உயிர்ச் சேதம் நடந்திருந்தால், வழக்கப்படி இழப்பீடு பேசித் தீர்க்கும். தீ பரவும் முன்பே ஓடிப்போய் அணைக்கும் வேலை இது. அணைக்க ஓடுபவர்கள் இரண்டு பக்கத்து ஆட்களாகவும் இருப்பதால்தான் அந்த வேலை நடக்கிறது.

இன்னொரு நல்ல வழக்கத்தையும் ஏற்படுத்தினார்கள். சமாதானத்தைக் காத்த கிராமத் தலைவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் பரிசு கொடுத்துப் பாராட்டினார்கள். சண்டையில் வென்றவனைப் பாட்டுக் கட்டிப் பாராட்டிய ஊர், சண்டையைத் தடுத்தவனுக்கு மேடை போட்டது.

1998-இல் வேறொரு சோதனை வந்தது. வஜீரில் வாழ்ந்த சிறுபான்மைக் கிறிஸ்துவர்கள் தாக்கப்பட்டார்கள். அவர்கள் பெரும்பாலும் கென்யாவின் மற்றப் பகுதிகளிலிருந்து வேலைக்காக வந்தவர்கள். குலச் சண்டையைத் தீர்த்த பெண்கள், "இது வெளியூர்க்காரர் விஷயம்" என்று சும்மா இருக்கவில்லை. இஸ்லாமியப் பெண்களும் கிறிஸ்துவப் பெண்களும் சேர்ந்த ஒரு குழுவை அமைத்தார்கள். சந்தையில் கற்ற பாடத்தையே இங்கேயும் கையாண்டார்கள். சேர்ந்து உட்கார், கேள், உடனே கவனி. அவ்வளவுதான்.

வஜீரின் வழி வஜீரோடு நிற்கவில்லை. வறண்ட வடபகுதியின் மற்ற மாவட்டங்களும் இதைப் போன்ற குழுக்களை அமைத்தன. 2007 டிசம்பரில் நடந்த தேர்தலுக்குப் பிறகு கென்யா முழுவதும் பெருங்கலவரம் மூண்டது. 1,100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இலட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். அந்த நெருக்கடியில் சமாதானத்துக்காகப் பாடுபட்ட குடிமக்களின் குழுவில் டெக்காவும் ஒருவர். பிறகு, 2008-இல், நாடு முழுவதும் மாவட்டந்தோறும் சமாதானக் குழு அமைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஒரு காலத்தில் அரசாங்கம் சந்தேகக் கண்ணோடு பார்த்த ஓர் ஏழை ஊரிடமிருந்து நாடே பாடம் கற்றுக்கொண்டது.

2007-ஆம் ஆண்டில் டெக்காவுக்கு, மாற்று நோபல் பரிசு என்று பலராலும் அழைக்கப்படும் 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைத்தது. 2011 ஜூலையில், சாலை விபத்தில் பட்ட காயத்தால் அவர் காலமானார். வயது 47-க்கு மேல் இல்லை. துப்பாக்கிக் குண்டுகளுக்கு நடுவே நடந்து திரிந்தவரைச் சாலை விபத்து கொண்டுபோய்விட்டது.

நேயர்களே, கதையை இங்கேயே முடித்து, "பிறகு எல்லாரும் சுகமாக வாழ்ந்தார்கள்" என்று சொல்லிவிட்டால் அது நேர்மையாகாது. அந்தப் பகுதியில் சண்டை மறுபடியும் தலைதூக்கிய காலங்கள் உண்டு. 2013-லும் 2014-லும்கூட அங்கே குலச் சண்டையில் பலர் இறந்தார்கள். பஞ்சமும் மறுபடி மறுபடி வந்தது. இன்னொரு குறையும் உண்டு. 2001-இல் அந்த வட்டாரத்தின் முதியவர்கள் மொடோகாஷே என்ற ஊரில் கூடி ஒரு பிரகடனம் செய்தார்கள். கொலை நடந்தால், இறந்தவர் ஆணானால் 100 ஒட்டகம், பெண்ணானால் 50 ஒட்டகம் இழப்பீடு என்ற வழக்கத்தையே அது எழுதி வைத்தது. சமாதானத்தைத் தொடங்கி வைத்தவர்கள் பெண்கள். அந்தச் சமாதானத்தின் கணக்கில் பெண்ணுயிருக்குப் பாதி விலை! குலம் முழுவதும் சேர்ந்து இழப்பீடு கட்டுவதால், குற்றம் செய்தவன் தண்டனையிலிருந்து தப்பிவிடுகிறான் என்ற குறையும் சொல்லப்படுகிறது. இந்தக் குறைகள் எல்லாம் உண்மையே.

ஆனால் இந்தக் குறைகளால் அந்தப் பெண்களின் வேலை வீண் என்று ஆகுமா? ஆகாது. நாம் தினமும் வீட்டு வாசலைக் கூட்டுகிறோம். மறுநாள் மறுபடியும் குப்பை விழுகிறது. அதற்காக நேற்றுக் கூட்டியது வீண் என்று எந்தத் தாயும் சொல்வதில்லை. சமாதானமும் அப்படித்தான். ஒரு நாள் கையெழுத்துப் போட்டு முடித்துவிடும் காரியம் அல்ல அது. நாள்தோறும் கவனிக்க வேண்டிய வீட்டு வேலை. ஒருவேளை அதனால்தானோ என்னவோ, அதைப் பெண்கள் நன்றாகச் செய்தார்கள்.

இனி, நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. நம் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்து நாம் குடியேறிய குடியிருப்புகளிலும், வஜீரைப்போல் துப்பாக்கிச் சத்தம் கேட்டதில்லை. அந்த மட்டில் நாம் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று கிளம்பிய சச்சரவால், ஆண்டுக்கணக்கில் ஒரே லயத்தில் முகங்கொடுத்துப் பேசாத குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். சங்கம் இரண்டாகப் பிரிந்தபோது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளும் இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறோம். பையன்கள் கும்பல் சேர்ந்து, வாய்ப்பேச்சு கைகலப்பாகி, ஒரு தாய் மருத்துவமனை வாசலிலும் மற்றொரு தாய் போலீஸ் நிலைய வாசலிலும் விடிய விடிய நின்றதையும் பார்த்திருக்கிறோம்.

அப்படி ஒன்று நம் இடத்தில் தலைகாட்டும்போது, வஜீர்ப் பெண்களை நினைத்துக்கொள்வோம். எல்லாரும் கூடுகிற இடம் எது என்று முதலில் பார்ப்போம். குழாயடியோ, மளிகைக் கடையோ, பிள்ளைகளின் பள்ளிக்கூடமோ, அந்த இடம் யாருக்கும் மூடாமல் பார்த்துக்கொள்வோம். இரண்டு வீட்டுக்கும் உறவான ஒரு பெண் இருந்தால், "நமக்கேன் வம்பு" என்று அவள் ஒதுங்க வேண்டாம். அவளால் தாண்ட முடிகிற வாசலை வேறு யாராலும் தாண்ட முடியாது. பெரியவர்களை ஒதுக்கிவிட்டுப் போகாமல், அவர்களை அழைத்து உட்கார வைப்போம். பேச்சை நடத்த, இரண்டு பக்கமும் சேராத ஒரு சிறியவரை அழைப்போம். வாலிபப் பிள்ளைகளை வைத்து விரட்டாமல், அவர்களுக்கு ஒரு பொறுப்பைக் கொடுப்போம். அன்றைய சச்சரவை அன்றே பேசித் தீர்ப்போம்.

வஜீரில் ஒரு தாய் தன் மகளை அணைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் பதுங்கினாள். அந்த மகள் வளர்ந்து, தன் மகளை அணைத்துக்கொண்டு பதுங்கினாள். ஆனால் விடிந்ததும் அவள் வெளியே வந்து சந்தைக்குப் போனாள். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

இத்துடன் இன்றைய பேச்சை முடித்துக்கொள்வோம்.